வேண்டாத தபாலும் வேண்டிய கடிதமும்

கனடாவிலே எம்மவர் வாழும் எந்த வீட்டின் தபாற்பெட்டியைத் திறந்தாலும் முதலிற் கையில் அகப்படுவன விலாசமில்லாத விளம்பரத்தாள்களே. பீற்சாக் கடையின் விலைக்கழிவுச் சீட்டு, குளிர்காலம் வருமுன் வீட்டு வெப்பமூட்டியைத் துப்புரவு செய்து தருவதாகக் கூறும் அட்டை, புதிதாகத் திறக்கப்பட்ட பல்வைத்திய நிலையத்தின் அறிவித்தல், இவற்றுக்கிடையே கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து புன்னகை புரியும் வீடு விற்பனை முகவர்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வசிப்போருக்கு இம்முகங்களிற் பல தமிழ் முகங்கள் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எமது சமூகத்தில் வீடு விற்கும் அனுமதிப்பத்திரம் பெறாதவர் எவரேனும் எஞ்சியுள்ளனரோ என்றுகூடச் சில வேளைகளில் நாம் ஐயுறுவதுண்டு.

இந்நாட்டார் இதனை ஜங்க் மெயில் என்பர். குப்பைத் தபால் என்று நாம் அழைக்கலாம். ஆயினும் இதனை முற்றாகக் குப்பையென ஒதுக்கிவிட எமக்கு மனம் வருவதில்லை. புதிதாக வந்திறங்கிய காலத்திலே, எந்தக் கடையில் கோழிக்கால் மலிவு, எந்தக் கடையில் அரிசிப் பைக்கு விலை குறைத்திருக்கின்றார்கள் என்பதனை வாரந்தோறும் எமது தாய்மாருக்கு அறிவித்தது இந்த விளம்பரத்தாளே. படமும் பெயரும் அருகருகே இருந்தமையால் மரக்கறிகளின் ஆங்கிலப் பெயர்களை அதிலிருந்தே கற்றுக்கொண்டவர்கள் பலர். மீன் வெட்டும்போது கீழே விரிப்பதற்கும் அதுவே உதவிற்று. எம்மவர் சிலரது முதல் வருமானமும் இதனால் வந்ததே. மாலை நேரத்திலே, தகப்பன் தள்ளுவண்டியை இழுக்க, பிள்ளைகள் படியேறிப் படியேறி வீட்டுக்கு வீடு விளம்பரக் கட்டுகளைப் போட்டுவந்த குடும்பங்களை எமது வாசகர்கள் அறிவார்கள்.

எமது கவலை அந்தத் தாள்களைப் பற்றியதன்று. அவற்றின் நடுவே அகப்பட்டுக்கொள்ளும் ஒரேயொரு கடிதவுறையைப் பற்றியது.

அகதியாக வந்தவனுக்குக் கடிதம் என்பது என்ன என்று இந்நாட்டிற் பிறந்த ஒருவருக்கு விளக்குவது கடினம். ஒரு பக்கத்தில் ஊரிலிருந்து வந்த கடிதங்கள். யுத்த காலத்திலே தொலைபேசி இல்லாத ஊர்களிலிருந்து புறப்பட்ட நீல நிற வான்கடிதம் எப்போது வந்து சேரும், சேருமா என்பது எவருக்கும் தெரியாது. உறையிலுள்ள கையெழுத்தைப் பார்த்தே எழுதியவர் உயிருடன் இருக்கின்றார் என்று பெருமூச்சு விட்ட நாட்களும் இருந்தன. மறுபக்கத்தில் அரசாங்கத்தின் கடிதங்கள். வேலை செய்வதற்கான அனுமதி, வைத்தியப் பரிசோதனைக்கான அழைப்பு, குடிவரவு அகதிகள் சபையின் விசாரணைத் திகதி, ஈற்றில் முடிவு. ஊர்க் கடிதங்களின் இடத்தைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் இரண்டாவது வகைக் கடிதம் இன்னமும் தபாற்பெட்டி வழியே வந்துகொண்டிருக்கின்றது. வழக்கறிஞர் மூலம் வழக்கை நடத்துவோருக்குப் பல ஆவணங்கள் இப்பொழுது கணினி வழியே செல்கின்றன என்பது உண்மை. வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வசதியற்றவருக்கும், வழக்கறிஞரை மாற்றிக்கொண்டு இடைநடுவில் நிற்பவருக்கும் கடிதவுறையே கதி.

சில வருடங்களுக்கு முன்னர் எமது அலுவலகத்துக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தனர். வீடொன்றின் நிலக்கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தவர்கள். வீட்டுக்குரியவரும் தமிழரே, நல்லவர். வரும் தபால்கள் யாவற்றையும் எடுத்து வாசலருகே ஒரு பிளாஸ்ரிக் கூடையிற் போட்டுவைப்பார். கீழே இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதனைக் கிளறித் தமக்குரியதை எடுத்துக்கொள்வர். பலசரக்கு அங்காடியொன்றின் தடித்த விளம்பரத்தாளின் மடிப்புக்குள் அகதிகள் சபையின் கடிதவுறை நழுவி உட்சென்றிருந்ததனை எவரும் கவனிக்கவில்லை. பழைய தாள்களை மீள்சுழற்சிப் பெட்டியிற் போடுவதற்காக உதறியபோதுதான் அது கீழே விழுந்திருக்கின்றது. விசாரணைத் திகதி அதற்கு முதல் நாள் கடந்துவிட்டது.

அதிர்ஷ்டவசமாக அக்கடிதத்திலேயே இரண்டாவது திகதியொன்றும் குறிக்கப்பட்டிருந்தது. விசாரணைக்கு வராதவரின் மனு கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படவேண்டுமா என்பதனைத் தீர்மானிப்பதற்கு, குறித்த நாளிலிருந்து 5 வேலைநாட்களுக்குள் ஒரு விசேட அமர்வு நடைபெறும் என்பது சபையின் விதி. அத்திகதிக்கு அவர்கள் ஓடிச் சென்று, வீட்டுக்குரியவர் எழுதிக்கொடுத்த கடிதத்தையும் காட்டி, நடந்ததை விளக்கினர். மனு காப்பாற்றப்பட்டது. கூடையை இன்னும் ஒரு வாரம் உதறாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த மனைவி எம்மிடம் கேட்டபோது எம்மாற் பதில் கூற முடியவில்லை.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகின்றது என்பதனை வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. அகதிகள் பாதுகாப்புப் பிரிவுக்கென 2012இல் ஆக்கப்பட்ட விதிகளின்படி, சாதாரண தபாலில் மனுதாரருக்கு அனுப்பப்பட்ட ஆவணமொன்று, அனுப்பிய நாளிலிருந்து 7ஆம் நாள் அவர் கையிற் கிடைத்துவிட்டதாகக் கருதப்படும். அந்நாள் வேலைநாளாக இல்லாவிடின் அடுத்த வேலைநாள். அது உண்மையிலே கிடைத்ததா, கூடையிற் கிடந்ததா, அயல்வீட்டுப் பெட்டியிற் போடப்பட்டதா என்பதெல்லாம் பின்னர் மனுதாரரே எடுத்துக்கூறி நிறுவவேண்டிய விடயங்கள். மனு நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீட்டு அறிவித்தலைக் கொடுப்பதற்கு, எழுத்து மூலமான காரணங்கள் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களே உள. காலநீடிப்புக் கோர வழியுண்டு. கோரினாற் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஆகவே தபால் எத்தனை நாளில் வருகின்றது, எங்கே வருகின்றது, எதனோடு கலந்து வருகின்றது என்பன எமக்கு வெறும் வசதிப் பிரச்சினைகளல்ல.

இனி, இத்தனை விளம்பரத்தாள்கள் எதற்காக வருகின்றன என்று பார்ப்போம். கனடாத் தபால் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ஏறக்குறைய 5.5 பில்லியன் கடிதங்களை விநியோகித்தது. இப்பொழுது ஆண்டொன்றுக்குச் சுமார் 2 பில்லியன். சராசரி வீடொன்றுக்கு வாரத்துக்கு இரண்டு கடிதங்களே வருகின்றன என்று அரசு கூறுகின்றது. ஆனால் தபாற்காரர் நடந்துசெல்லும் தெருக்கள் குறையவில்லை; புதிய குடியிருப்புகளால் விலாசங்கள் ஆண்டுதோறும் கூடுகின்றன. பொதிகளால் இந்நட்டத்தை ஈடுசெய்யலாம் என்று நிறுவனம் நம்பியிருந்தது. 2019இல் பொதி விநியோகச் சந்தையில் அதன் பங்கு 62 வீதம், 2023இல் 29 வீதம். குறைந்த கூலிக்கு ஆட்களை அமர்த்தி, ஞாயிற்றுக்கிழமையிலும் பொதி கொண்டுவரும் தனியார் நிறுவனங்கள் மீதியை எடுத்துக்கொண்டன. அந்த வாகனங்களை ஓட்டுபவர்களிலும் எம்மவர் பலர் உளர் என்பது வேறு கதை. 2018இன் பின்னர் 5 பில்லியன் டொலருக்கு மேல் நட்டமடைந்துவிட்ட நிறுவனத்துக்கு, 2025 ஜனவரியில் அரசு ஒரு பில்லியன் டொலருக்கு மேற் கடன் வழங்க நேர்ந்தது. 1995இல் 45 சதத்துக்கு வாங்கிய உள்நாட்டுக் கடித முத்திரை, 2025 ஜனவரியிற் புத்தகமாக வாங்கினால் 1.24 டொலர், தனியாக வாங்கினால் 1.44 டொலர்.

இந்நிலையிலே விலாசமற்ற விளம்பரத்தாள் தபாற்காரரின் பையிற் காசு கொடுத்துப் பயணம் செய்யும் பயணியாகிவிட்டது. கடிதத்துக்காகத் தபாற்காரர் எப்படியும் அந்தத் தெருவுக்குப் போகவேண்டும். போகும் வழியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாளைப் போட்டுச் செல்வதாற் கிடைக்கும் பணம் அந்த நடைக்கு ஓரளவு கூலியாகின்றது. குப்பைத் தபாலை அடியோடு ஒழிக்கவேண்டும் என்போரின் சூழல் அக்கறையை நாம் மதிக்கின்றோம். அதனை ஒழித்தபின் தபாற்காரரின் சம்பளத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்கும் அவர்கள் விடை வைத்திருக்க வேண்டும்.

தொழிலாளரும் இதனை நன்கறிவர். தமது கோரிக்கைகளை வலியுறுத்தத் தபால் ஊழியர் சங்கம் 2025 செப்ரெம்பர் நடுப்பகுதியில் எடுத்த முதல் நடவடிக்கை, விலாசமற்ற விளம்பரத்தாள்களை விநியோகிக்க மறுத்ததே. கடிதமும் பொதியும் போய்க்கொண்டிருந்தன. விளம்பரம் மட்டும் நின்றது. பொதுமக்களுக்கு இடையூறின்றி நிறுவனத்தின் மடியிற் கைவைக்கும் வழி அது.

மொன்றியல் நகரத்து அனுபவம் இன்னும் சுவையானது. வீட்டுக் கதவுகளிற் பிளாஸ்ரிக் பையிலே தொங்கவிடப்பட்ட விளம்பரக் கட்டுகளால் வெறுப்படைந்த அந்நகரசபை, வேண்டுமென்று கேட்கும் வீடுகளுக்கு மட்டுமே அவை போகலாம் என்று விதி செய்தது. 2023 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அக்கட்டுகளை விநியோகித்த நிறுவனம் என்ன செய்தது? பையை ஒழித்து, விளம்பரங்களை ஒரே மடிப்புத் தாளாக அச்சிட்டுக் கனடாத் தபாலிடம் ஒப்படைத்துவிட்டது. தபால்துறை சமஷ்டி அரசுக்கு உரியது; நகரசபையின் விதி அதனைக் கட்டுப்படுத்தாது. எனவே கதவிலே தொங்கிய விளம்பரம் தபாற்பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

இதற்கு ஒரு துயரமான பின்கதையும் உண்டு. அந்த விளம்பரப் பைகளுக்குள் வைத்து வீடு வீடாக அனுப்பப்பட்ட உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு வாகனமில்லாமற் போயிற்று. மொன்றியலில் அவ்வாறான பத்திரிகைகளை வெளியிட்டுவந்த மெட்ரோ மீடியா நிறுவனம் 2023 ஆகஸ்டிற் தன் பணிகளை நிறுத்திக்கொண்டது. அடுத்த மாதமே, ஒன்ராறியோவில் 70க்கும் மேற்பட்ட உள்ளூர் வாரப் பத்திரிகைகளை வெளியிட்டுவந்த மெட்ரோலாண்ட் நிறுவனம் அவற்றின் அச்சுப் பதிப்பையும் விளம்பரத்தாள் விநியோகத்தையும் ஒருங்கே கைவிட்டது. 600க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். நாம் இதனை ஒரு பார்வையாளனின் நிதானத்தோடு எழுதவில்லை என்பதனை வாசகர்கள் புரிந்துகொள்வர். உங்கள் கையிலிருக்கும் இப்பத்திரிகையும் கடைவாசலில் இலவசமாகக் கிடைப்பது. புடவைக் கடையும் நகைக் கடையும், ஏன், மேலே நாம் கேலி செய்த வீடு விற்பனை முகவர்களும் தரும் விளம்பரங்களால் அச்சேறுவது. விளம்பரத்தைப் பழித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்ட எமக்கு வெட்கமாக இருக்கின்றது.

எனினும் ஒருவகை விளம்பரத்துக்கு எம்மிடம் மன்னிப்பில்லை. மண்ணிற உறை, கண்ணாடித் தாள் பதித்த சாளரம், மேலே தடித்த எழுத்தில் “இறுதி அறிவித்தல்”, “உடனே திறக்கவும்” என்ற வாசகங்கள், உள்ளே காசோலையைப் போன்ற ஒரு தாள். அரசாங்கக் கடிதம் என்று எண்ணி நடுங்கிக்கொண்டு திறந்தால் வங்கிக் கடனட்டைக்கு விண்ணப்பிக்குமாறு அழைப்பு. இவ்வாறு பத்து முறை ஏமாந்த முதியவர் பதினோராவது முறை உண்மையான அரசாங்கக் கடிதத்தையும் திறவாமலே எறிந்துவிடுகின்றார். அரசாங்கத்தின் சாயலை இவ்வாறு இரவல் வாங்கும் உறைகளைத் தடைசெய்வது பேச்சுச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று எவரேனும் வாதிட்டால் அதனை ஏற்க நாம் ஆயத்தமாக இல்லை.

இந்தப் பின்னணியில் 2025 செப்ரெம்பர் 25ஆம் திகதி அரசு வெளியிட்ட அறிவித்தலை நோக்கவேண்டும். வீட்டு வாசலுக்கே தபால் பெறும் விலாசங்கள் இன்னும் 4 மில்லியன் அளவில் உள. அவை யாவும் கட்டம் கட்டமாகத் தெருமுனையிலுள்ள கூட்டுத் தபாற்பெட்டிகளுக்கு மாற்றப்படும் என்றும், இதனால் ஆண்டொன்றுக்கு 400 மில்லியன் டொலர் மீதமாகும் என்றும், அவசரமற்ற கடிதங்கள் இனி விமானத்திலன்றித் தரைவழியே செல்ல இடமளிக்கப்படும் என்றும் பொறுப்பான அமைச்சர் ஜோயல் லைற்பவுண்ட் தெரிவித்தார். அன்றே ஊழியர்கள் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒக்ரோபரில் அது சுழற்சிமுறை வேலைநிறுத்தமாக மாறியது. நவம்பரிற் கொள்கையளவில் உடன்பாடு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டின் வேலைநிறுத்தமும் எமக்கு மறந்துவிடவில்லை. 2024 நவம்பர் 15 முதல் டிசம்பர் 17 வரை ஏறக்குறைய 55,000 ஊழியர் பணியை நிறுத்தியபோது, 85,000 கடவுச்சீட்டுகள் அனுப்பப்படாமல் அரச அலுவலகங்களில் வைத்திருக்கப்பட்டன.

வீட்டு வாசல் விநியோகம் குறைவது புதிய சங்கதியன்று. 1951 வரை கனடிய நகரங்களில் நாளொன்றுக்கு இரு தடவை வீட்டுக்குத் தபால் வந்தது. சனிக்கிழமைத் தபால் 1969இல் நின்றது. 1980களிலிருந்து புதிய குடியிருப்புகளில் கூட்டுப் பெட்டிகளே வைக்கப்பட்டன. பிரம்ரனிலும் ஏஜக்ஸிலும் புதுமனை புகுந்த எம்மவரிற் பெரும்பாலோர் வாசலிலே தபாற்காரரைக் கண்டதேயில்லை. 2013 டிசம்பரில் நிறுவனம் எஞ்சிய வீடுகளையும் மாற்ற முனைந்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. மொன்றியல் நகரபிதாவாக இருந்த டெனி கொடெயர் 2015 ஆகஸ்டில் கூட்டுப் பெட்டிக்கென இடப்பட்ட கொங்கிறீற்றுத் தளத்தைத் தானே இயந்திரத்தாற் குடைந்துடைத்துப் படமெடுக்க நின்றார். அவ்வாண்டு ஒக்ரோபரில் அத்திட்டம் இடைநிறுத்தப்பட்டது. பத்தாண்டுகளின் பின்னர் அதே திட்டம், நிறுத்திய கட்சியின் அரசாலேயே திரும்பவும் கொண்டுவரப்பட்டிருக்கின்றது.

கூட்டுப் பெட்டியில் எம்மவருக்கு என்ன சங்கடம் என்று கேட்கலாம். பனிக்காலத்தில் உறைந்த நடைபாதையில் தெருமுனைவரை செல்லவேண்டிய முதியவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகின்றார்கள். அது மெய்யான கவலையே. நிலக்கீழ்க் குடியிருப்பாளரைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. கூட்டுப் பெட்டியில் ஒரு விலாசத்துக்கு ஓர் அறை; அதன் திறப்பு வீட்டுக்குரியவர் கையில். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், பக்கத்து அறையில் தனியாளாக ஒரு பொடியன் என்று மூன்று வழக்குகள் ஒரே அறைக்குள் வந்து விழுகின்றன. வாசலிலே பெட்டி இருந்தவரை கீழே இருப்பவர் தாமாகவே கையை விட்டுப் பார்க்கலாம். தெருமுனைப் பெட்டியைத் திறக்க வீட்டுக்காரரின் தயவு வேண்டும். அனுமதி பெறாத குடியிருப்பாயின் தனி இலக்கம் கேட்கவும் முடியாது; கேட்டால் வீட்டைவிட்டு எழும்பவேண்டி வரலாம்.

எமது பெயர்களும் சிக்கலைக் கூட்டுகின்றன. தகப்பன் பெயர் மகனுக்குக் கடைசிப் பெயர். கணவனின் முதற்பெயர் மனைவிக்குக் கடைசிப் பெயர். ஒரே குடும்பத்தில் நால்வருக்கு மூன்று கடைசிப் பெயர்கள் இருப்பது எமக்கு இயல்பு. கடிதத்தைத் தரம்பிரிப்பவருக்கோ அது மூன்று வேறு குடும்பம். முன்பு இருந்த வாடகைக்காரரின் கடிதமென எண்ணித் திருப்பியனுப்பப்பட்ட உறைகள் எத்தனையோ.

டென்மார்க்கில் வாழும் எமது உறவுகள் இவ்விடயத்தில் எமக்கு முன்னே சென்றுவிட்டனர். 1624இல் தொடங்கிய அந்நாட்டு அரச தபாற்சேவையின் வழிவந்த போஸ்ட்நோர்ட் நிறுவனம், 2025 டிசம்பர் 30ஆம் திகதியுடன் கடித விநியோகத்தை முற்றாக நிறுத்திவிட்டது. 2000ஆம் ஆண்டில் 1.4 பில்லியனாக இருந்த கடிதங்கள் 2024இல் 110 மில்லியனாகக் குறைந்துவிட்டன என்பது காரணம். தெருக்களில் நின்ற சிவப்புத் தபாற்பெட்டிகள் அகற்றப்பட்டன. கடிதம் எழுத விரும்புவோருக்கு இப்பொழுது டாவோ என்னும் தனியார் நிறுவனம் இருக்கின்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டு அரசு 2014 நவம்பரிலேயே தனது கடிதங்களைக் கணினிப் பெட்டிக்கு மாற்றிவிட்டது. இயலாதவர்களுக்கு விலக்கும் அளித்தது. அரசு முதலிற் காகிதத்தைக் கைவிட்டது, தபாற்காரர் பதினொரு ஆண்டுகள் கழித்தே விடைபெற்றார். கனடாவிலோ தபாற்காரர் முதலில் வாசலைவிட்டு விலகுகின்றார். அரசின் முக்கிய கடிதங்களும், அவற்றைக் கொண்டு நாட்களை எண்ணும் விதிகளும் அப்படியே இருக்கின்றன.

எமது நிலைப்பாடு இதுவே. வாசல் விநியோகத்தை என்றென்றும் காப்பாற்றுமாறு நாம் கோரவில்லை. பணமில்லாத நிறுவனத்திடம் அதனைக் கேட்பதிற் பயனில்லை. கடிதம் தரைவழியே மெதுவாகச் செல்லலாம் என்று ஒரு திணைக்களம் தீர்மானித்தால், 7ஆம் நாள் கிடைத்துவிட்டதாகக் கொள்ளும் விதியை மற்றைய திணைக்களம் அதே நாளில் திருத்தவேண்டும். விசாரணைத் திகதியும் முடிவும் கையொப்பம் பெற்றே ஒப்படைக்கப்பட வேண்டும். கூட்டுப் பெட்டிகளை அமைக்கும்போது, ஒரே வீட்டிலுள்ள இரண்டாவது குடும்பத்துக்கு, அக்குடியிருப்பு அனுமதி பெற்றதா என்ற விசாரணையின்றி, தனித் திறப்பு வழங்கப்பட வேண்டும். விசாரணை செய்வது நகரசபையின் வேலை, தபாற்காரருடையதன்று.

இவையெல்லாம் நடக்கும்வரை எமது வாசகர்கள் செய்யக்கூடியன சில உண்டு. விளம்பரத்தாள் வேண்டாதவர்கள், “நோ ஜங்க் மெயில்” என்று ஆங்கிலத்தில் எழுதிய சிறு தாளைத் தமது பெட்டியில் ஒட்டிவிடலாம். கூட்டுப் பெட்டியாயின் தமது அறையின் உள்விளிம்பில் தபாற்காரர் பார்க்கக்கூடியதாக ஒட்டவேண்டும். விலாசமற்ற விளம்பரங்கள் நின்றுவிடும். தேர்தல் அலுவலக அறிவித்தல்கள், பாராளுமன்ற உறுப்பினரின் மடல்கள், சமூகப் பத்திரிகைகள் போன்றவை தொடர்ந்தும் வரும். பெயரிட்டு வரும் விளம்பரத்தை நிறுத்த அனுப்பியவருக்கே எழுதவேண்டும். வழக்கு நிலுவையில் உள்ள குடும்பங்கள் இதனை இன்றே செய்வது நன்று. குப்பை குறைந்தால் உறை கண்ணிற் படும். கோழிக்காலின் விலையைக் கைத்தொலைபேசியிலும் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டியின் உட்புறத்தில் வீட்டிலுள்ள அனைவரது முழுப்பெயர்களையும், கடவுச்சீட்டில் உள்ளவாறே, எழுதி ஒட்டுங்கள். தடித்த விளம்பரத்தாள்களை எறியுமுன் முதுகைப் பிடித்து ஒருமுறை உதறுங்கள். வீடு மாறினால் தபால் நிறுவனத்திடம் 4 மாதத்துக்கோ 12 மாதத்துக்கோ பணம் கட்டிக் கடிதங்களைப் புதிய விலாசத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். அதனை மட்டும் நம்பியிருக்கவேண்டாம். அகதிகள் சபை, குடிவரவுத் திணைக்களம், எல்லைச் சேவைகள் முகவரகம், உங்கள் வழக்கறிஞர் ஆகிய ஒவ்வோரிடத்துக்கும் புதிய விலாசத்தைத் தனித்தனியே எழுத்தில் அறிவிக்கவேண்டும். ஓரிடத்துக்குச் சொன்னால் மற்றைய இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று எண்ணி வருந்தியவர்கள் எம்மிடையே உளர். அறிவித்ததன் பிரதியொன்றைத் திகதியுடன் வைத்திருங்கள். நாம் கூறுவது பொதுவான தகவலே. உங்கள் வழக்குக்குரிய விடயங்களைச் சட்டம் அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடக்க இயலாத முதியவர் வீட்டில் இருப்பின், கூட்டுப் பெட்டிக்கு மாற்றப்பட்ட பின்னரும் வாரமொருமுறை வாசலுக்குத் தபால் கொண்டுவரும் விசேட ஏற்பாடு தபால் நிறுவனத்திடம் உண்டு. தொலைபேசியிற் கேட்டுப் பதிவுசெய்யலாம். கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை. ஆங்கிலம் தெரியாத அம்மம்மா கேட்கமாட்டார். பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொடுக்க வேண்டும்.

மேற்கூறிய கோரிக்கைகளை உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு நீங்களே எழுதுங்கள். உறுப்பினரின் பெயரை எழுதி, பாராளுமன்றம், ஒட்டாவா, ஒன்ராறியோ, கே1ஏ 0ஏ6 என்று ஆங்கிலத்தில் விலாசமிட்டாற் போதும். அக்கடிதத்துக்கு முத்திரை ஒட்டவேண்டியதில்லை.